வாசலில் ஏழு தாம்பாளம்

அன்று காலையில் ஆனந்தவள்ளிக்குப் பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது. மூன்றாம் தடவை பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அப்போதும் வழிந்தது. மனசு அடுப்படியில் இருந்தால்தானே!

அவள் மனசு ஆஸ்திரியா நாட்டில், கிராட்ஸ் என்ற ஊரில் இருந்தது. அங்கேதான் மகள் பானுப்ரியா உலோகங்களைப் பற்றி மேல்படிப்புப் படிக்கிறாள். ஆனியில் படிப்பு முடிகிறது. முடிந்த கையோடு இன்னும் மூன்று வருஷம் தன்னிடமே இருந்து ஆராய்ச்சி செய்யும்படி அவளுடைய பேராசிரியர் கூப்பிட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அப்பா சரின்னு சொன்னா இருக்கேன். வேணாம்னா பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று மகள் கேட்டு ஒரு வாரம் ஓடிவிட்டது. இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை.

அப்பா வீரமலை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கைலாசபுரத்து ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த மனிதர் அவர். எப்போதுமே அதிகம் பேசமாட்டார். மகள் விஷயம் என்றால் மட்டும் அடைமழைதான். "நான் வெல்டிங் வச்சேன். எம் மக அந்த வெல்டிங் ஏன் நிக்குது, ஏன் உடையுதுன்னு வெள்ளைக்காரனுக்கே சொல்றா" என்பதை அம்மா மண்டபம் ரோட்டு டீக்கடையில் அவர் சொல்லிச் சொல்லி, டீ மாஸ்டருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த மனுஷன்தான் ஒரு வாரமாக வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

காரணம் ஒரு போட்டோ. பானு மார்கழியில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தது. சுற்றிலும் பனி. நடுவில் பானு, இந்தப் பக்கம் ஸ்லோவேனியாக்காரி ஈவா, அந்தப் பக்கம் பாசில் என்று ஒரு பையன். பையன் பானுவின் தோளில் சாய்ந்திருந்தான். கீழே "நம்ம ஆளுங்க" என்று எழுதியிருந்தாள்.

மூன்று பேர் இருந்த போட்டோ, வையம்பட்டிச் சொந்தக்காரர்களின் குரூப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேர் போட்டோ ஆகிவிட்டது. ஈவாவை யார் வெட்டினார்களோ, அந்த ரெங்கநாதருக்கே வெளிச்சம். "நம்ம ஆளுங்க" என்பதும் "நம்ம ஆளு" என்று சுருங்கி, அப்புறம் "அவ ஆளு" ஆகிவிட்டது.

இந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸிலேயே வையம்பட்டியிலிருந்து வந்து இறங்கிவிட்டார் வீரமலையின் அண்ணன் ரெங்கராஜ்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? படிச்சது போதும், வந்து சேருன்னு இன்னிக்கே சொல்லிடு. மூணு வருஷம் விட்டா, திரும்பி வரும்போது பேரன் பேத்தியோட வருவா."

வீரமலை தரையைப் பார்த்தபடி இருந்தார். ஆனந்தவள்ளி காபியை வைத்துவிட்டு நகர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து மச்சாண்டார் முன்னால் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்போதுதான் அந்த போன் வந்தது.

"வீரமலை அண்ணன் வீடுங்களா? நான் காஜா மைதீன் பேசறேம்மா. பெரிய கடைவீதியில சூட்கேஸ் கடை வச்சிருக்கேன். பாசிலோட அத்தா."

"சொல்லுங்க" என்றாள் ஆனந்தவள்ளி.

"பிள்ளைங்க விஷயமா நேர்ல பேசணும்மா. போன்ல சொல்ற விஷயமில்ல. இன்னிக்கு ஜும்மா தொழுதுட்டு, நானும் வீட்லயும் வரலாமுங்களா?"

வராதீர்கள் என்று யாரையும் அந்த வீட்டில் சொல்லிப் பழக்கமில்லை. "வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

"பிள்ளைங்க விஷயமாவா?" ரெங்கராஜ் எழுந்தேவிட்டார். "தை வெள்ளிக்கிழமை. நாள் பார்த்துல்ல வர்றாங்க! நான் சொன்னேன்ல வீரமலை? சொன்னேன்ல?"

வீரமலை கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

ஆனந்தவள்ளி மகளுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. அங்கே இன்னும் விடிந்திருக்காது. "எந்திரிச்சதும் கூப்பிடு" என்று செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்ததோடு சரி.

மகள் காதலிக்கிறாளா என்பதைவிட வேறொன்றுதான் அவளை அரித்தது. எறும்பு கடித்தால்கூட அம்மாவிடம் சொல்கிற பெண் அவள். வாஷிங் மெஷினுக்கு முறை வைத்துக் காத்திருப்பது, ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கடையும் திறக்காமல் அரிசி இல்லாமல் திண்டாடியது, ஈவா ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்து மூக்கு சிவந்து நின்றது, எல்லாம் சொல்லியிருக்கிறாள். பாசிலைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். போன வருஷம் நோன்பின்போது அவனுக்காக ஓட்ஸில் நோன்புக் கஞ்சி காய்ச்சினாளாம். "பாலக்கரையில பொறந்தவன் நான், இதையெல்லாம் கஞ்சின்னு சொன்னா எங்கத்தா கடைக்குள்ள சேர்க்க மாட்டாரு" என்று முனகிக்கொண்டே மூன்று கிண்ணம் குடித்தானாம். அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்த கதைதான் அது. அவ்வளவும் சொன்னவள் இதை மறைத்திருப்பாளா?

மறைத்திருந்தால், தான் என்ன அம்மா?

மத்தியானம் மூன்று மணிக்குக் கீழே ஆட்டோ வந்து நின்றது. முதலில் கேட்டது கீழ்வீட்டு அலமேலு மாமியின் குரல்தான்.

"என்னடிம்மா ஆனந்தவள்ளி, ஆத்துல விசேஷமா? தாம்பாளமா வந்துண்டே இருக்கே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

ஆனந்தவள்ளி படிக்கட்டில் எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர், முக்காடு போட்ட ஓர் அம்மாள், பின்னால் ஆட்டோக்காரர். மூன்று பேரும் மாறி மாறி ஏறி இறங்கித் தட்டுகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். ஆப்பிளும் ஆரஞ்சும் அடுக்கிய தட்டு. பூவன் பழத் தட்டு. கற்கண்டு. லட்டு. மல்லிகைப் பூ. பச்சைக் கரை போட்ட பட்டுப்புடவை. கடைசித் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ், தேங்காய்.

மொத்தம் ஏழு. ஒற்றைப்படை!

"பரிசம் போடவே வந்துட்டாங்கடா!" ரெங்கராஜின் குரல் மூன்றாவது மாடிவரைக்கும் கேட்டிருக்கும். "பாய், அங்கயே நில்லுங்க. நாங்க மானம் மரியாதையோட வாழற குடும்பம். பொண்ணு கேட்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

காஜா மைதீன் தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி சாரா பீவிக்குத்தான் முதலில் புரிந்தது.

"அல்லாவே! பொண்ணு கேட்டா? யாருங்க சொன்னா அப்படி?"

"தட்டு சொல்லுதே! வெத்தல பாக்கு, புடவை, பூவு... இதுக்கு மேல வாயத் தொறந்து வேற சொல்லணுமா?"

சாரா பீவி தட்டைப் பார்த்தாள். தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஜோதியம்மா செஞ்ச வேலைங்க இது! எங்க தெருமுனையில பூக்கடை வச்சிருக்காங்க. இந்து வீட்டுக்கு என்ன வச்சு எடுத்துட்டுப் போகணும்னு எங்களுக்குத் தெரியல. பொண்ணு வீட்டுக்குப் போறோம், முறைப்படி அடுக்கிக் குடுங்கன்னு சொன்னேன். அவங்க அதை நிச்சயத்துக்குன்னு நினைச்சுட்டாங்க போல. எதுக்கு இவ்வளவு சிரிக்கறாங்கன்னு அப்பவே பார்த்தேன்!"

"அப்ப இது என்னங்க?" என்று கேட்டாள் ஆனந்தவள்ளி.

"சீருங்க அக்கா. கூடப்பொறந்தவன் தங்கச்சிக்குச் செய்யற சீரு. எனக்கு ரெண்டும் ஆம்பளப் பிள்ளைங்க. எங்க வீட்லேர்ந்து ஒரு பொண்ணுக்கு இதுவரைக்கும் சீர் போனதே இல்ல. இதுதான் மொத சீரு."

வீரமலை அப்போதுதான் பால்கனியிலிருந்து உள்ளே வந்தார். "உள்ள வாங்க. உக்காந்து சொல்லுங்க" என்றார். ஒரு வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

உட்கார்ந்து சொன்னார் காஜா மைதீன். கார்த்திகை மாதம் ஒரு நாள் பாசிலுக்கு வயிற்றுவலி. குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது. விடுதி அறையில் சுருண்டு கிடந்தவனை, பானுவும் ஈவாவும்தான் ஆம்புலன்ஸ் வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்கு அந்த ஊர் ஜெர்மன் பாஷை பாதி புரியும், வலியில் அதுவும் போய்விட்டது. டாக்டர் சொல்வதை அவனுக்குச் சொல்லவும், அவன் சொல்வதை டாக்டருக்குச் சொல்லவும் பானுதான். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது என்றுவிட்டார்கள்.

"உங்க பொண்ணு என்ன சொல்லிச்சு தெரியுங்களா? நான் அவனோட தங்கச்சின்னு சொல்லிடுச்சு."

"பாஸ்போர்ட்டுல அப்பன் பேரு வேற வேறயா இருக்குமே?" என்றார் ரெங்கராஜ். கோபத்திலும் கேள்வி சரியாகத்தான் வந்தது.

"அந்த நர்சம்மாவும் அதத்தாங்க கேட்டிருக்காங்க, குடும்பப் பேரு ஏன் ஒத்து வரலைன்னு. அதுக்கு உங்க பொண்ணு, எங்க தமிழ்நாட்டுல குடும்பப் பேருங்கற வழக்கமே கிடையாது, பேர வச்சு எங்க சொந்தத்தக் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லியிருக்கு. அது உண்மைதானேங்க! அவங்க திரும்பவும், அப்ப இவங்க யார் பிள்ளைன்னு கேட்டாங்களாம். ரெண்டு பேருமே வீரமலை பிள்ளைங்கன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லிடுச்சாம்."

வீரமலை நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணு முழிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருந்திருக்கு. எனக்கு இதய நோவு இருக்கேன்னு பயந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாவிப் பய" என்று சாரா பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "முழுசா குணமாகி, முந்தாநேத்துதான் சொன்னான். அன்னிக்கு ராத்திரி தொழுகையில எம் மவன் பேருக்கு முன்னாடி உங்க மவ பேருதாங்க்கா வந்துச்சு. போன்ல நன்றி சொல்லிட்டு வச்சிட்டா அது மனுஷத்தனமா?"

ஆனந்தவள்ளிக்கு ஞாபகம் வந்தது. கார்த்திகையில் சில நாள் மகள் வீடியோவில் வரவேயில்லை. லேப்பில் வேலை, முகம் கழுவக்கூட நேரமில்லை என்றாள். கண் வீங்கியிருப்பதைக் காட்டக் கூடாதென்றுதான் வரவில்லை போலிருக்கிறது. மறைத்ததில் மனசு வலித்தது. ஆனால் அந்த வலிக்கு மேலே பெருமை ஏறி உட்கார்ந்துகொண்டது. இருபத்து மூன்று வயதுப் பெண், சொந்தபந்தம் இல்லாத ஊரில், ஓர் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என் வயிற்றில் பிறந்தது.

"அப்ப அந்தப் போட்டோ?" வீரமலை மெல்லக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, மொத மொதலா வெளிய நடந்த அன்னிக்கு எடுத்ததுங்க. தையல் இழுக்குதுன்னு நிமிர முடியாம சாஞ்சிக்கிட்டு நின்னிருக்கான். எங்கிட்டயும் அந்தப் போட்டோ வந்துச்சு. நல்லா சாப்பிடறான் போல, சோம்பேறியா நிக்கிறான்னுதான் நானும் திட்டினேன்" என்றார் காஜா மைதீன்.

ரெங்கராஜ் தொண்டையைச் செருமினார். விட்டுக்கொடுத்தால் அவர் ரெங்கராஜ் இல்லையே!

"எல்லாம் சரிதான் பாய். நல்லதுதான் பண்ணியிருக்கா. ஆனாலும் பொய் பொய்தானே? ஊரான் பிள்ளைக்கு எந் தம்பி பேர அப்பன் பேராச் சொல்லியிருக்கா. ஊர்ல நாலு பேரு கேட்டா நாங்க என்ன பதில் சொல்றது?"

"எம் பொண்ணுன்னு சொல்லுங்க மாமா."

எல்லோரும் திரும்பினார்கள். ஆனந்தவள்ளிதான்.

"நாலு பேரு கேட்டா, இவ ஆனந்தவள்ளி பொண்ணுன்னு சத்தமா சொல்லுங்க. குரூப்புல போட்டோவ வெட்டிப் போட்டாங்களே, அதே குரூப்புல இதையும் போடுங்க. நான் தலை குனியறதுக்கு எம் பொண்ணு ஒண்ணும் பண்ணல."

சொல்லி முடித்ததும் அவளுக்கே மூச்சு வாங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பேசிவிட்டாள்.

வீரமலை மனைவியை ஒரு கணம் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, எனக்கு ஒரு மகனும் இருக்கான்னு எம் மக அந்த ஊர்ல சொல்லிட்டா. அத இல்லைன்னு சொல்ல நான் யாரு?"

காஜா மைதீன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் கண்ணைத் துடைத்ததை எல்லோரும் பார்க்காததுபோல இருந்தார்கள்.

"சீர் வாங்கணும்னா பொண்ணு எதிர்ல நிக்கணுமே" என்றாள் சாரா பீவி.

"நிப்பா" என்றார் வீரமலை. மனைவியின் போனை வாங்கித் தானே வீடியோ கால் போட்டார்.

இந்தத் தடவை மணி அடித்து முடிவதற்குள் பானு எடுத்துவிட்டாள். கல்லூரி வராந்தா. கழுத்தில் கம்பளித் துண்டு. "அம்மா, இப்பத்தான் மெசேஜ் பார்த்தேன்..." என்று ஆரம்பித்தவள், திரையில் அப்பாவைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். பின்னால் பாசிலின் தலை எட்டிப் பார்த்தது.

"பானு, உங்கண்ணன் வீட்டு சீர் வந்திருக்கு" என்றார் வீரமலை. போனைத் திருப்பித் தட்டுகளைக் காட்டினார். ஆனந்தவள்ளி மகள் சார்பில் முந்தானையை ஏந்த, சாரா பீவி புடவைத் தட்டைக் கொடுத்தாள். "நூறு வயசுக்கு நல்லா இரும்மா" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். பானு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாசில், "அம்மா, தட்டு எடுத்துட்டா போனீங்க? நான் சும்மா பார்த்துட்டு வாங்கன்னுதானே சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

வீரமலை போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரு பானு. அந்த மூணு வருஷம் இருந்து படிச்சிட்டு வா. அப்பா சரின்னு சொல்றேன்."

அவள் சந்தோஷப்படவில்லை. பாசிலைப் பார்த்தாள். பாசில் தரையைப் பார்த்தான்.

"என்னடி?" என்றாள் ஆனந்தவள்ளி.

"ஆராய்ச்சிக்குச் சேரலைன்னு நேத்தே அவருகிட்ட சொல்லிட்டேன்ப்பா."

"ஏன்? இன்னிக்கு வரைக்கும் நாள் இருந்துச்சே?"

"நீங்க ஒரு வாரமா எங்கிட்ட பேசல. மௌனம் சம்மதம்னு ஊர்ல சொல்லுவாங்க. நம்ம வீட்ல நீங்க பேசாம இருந்தா வேணாம்னுதானேப்பா அர்த்தம்? சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே?"

வீரமலைக்கு யாரோ ஓங்கி அறைந்தாற்போல இருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்காமல் ஆனந்தவள்ளி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை பட்டதும் அவர் நிமிர்ந்தார்.

"அந்த வாத்தியாரு இப்ப எங்க இருக்காரு?"

"ரூம்லதான். இதே மாடிதான்ப்பா."

"போய்க் கதவத் தட்டு."

"நேத்து வேணாம்னு சொல்லிட்டு, இன்னிக்கு எந்த முகத்தோடப்பா..."

"எங்கப்பாவுக்குப் பேச ஒரு வாரம் ஆயிடுச்சுன்னு சொல்லு. தப்பு அவரு மேலன்னு சொல்லு. யாருன்னே தெரியாத நர்சம்மாகிட்ட அண்ணனுக்காக வாதாடத் தெரிஞ்ச உனக்கு, உனக்காக வாதாடத் தெரியாதா? போம்மா."

பானு கண்ணைத் துடைத்தாள். போனை பாசில் வாங்கிக்கொண்டான். "நான் பிடிச்சுக்கறேன்ப்பா, நீங்க லைன்லயே இருங்க" என்றான் வீரமலையிடம்.

திரை ஆடியது. நீளமான வராந்தா, வரிசையாகக் கதவுகள், விறுவிறுவென்று நடக்கும் பானுவின் முதுகு. ஒரு கதவின் முன்னால் நின்று தலைமுடியைச் சரி செய்துகொண்டாள். தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ஸ்ரீரங்கத்தில் ரெங்கராஜ் தம்பியின் தோளுக்கு மேலாகப் போனுக்குள் தலையை நீட்டினார்.

"ஏம்ப்பா பாசிலு, அந்த வாத்தியாரு ஆளு எப்படி?"

பாசில் கதவையும் பார்த்தான், போனையும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சொன்ன சொல்லு மாறினா அவருக்குப் பிடிக்காதுங்க பெரியப்பா."